விண்வெளி முதுகலைப் படிப்பு: யாருக்கும் சொந்தமில்லாத இடங்களின் பாடம்

1960களில் சில ஐரோப்பிய நாடுகள் கூட்டுச் சேர்ந்து ஒரு ராக்கெட் செய்தன. யூரோப்பா என்று பெயர். அடியில் இருந்த முதல் அடுக்கு பிரிட்டனின் ப்ளூ ஸ்ட்ரீக். அதற்கு மேல் பிரான்ஸ் செய்த கோராலி. அதற்கும் மேல் ஜெர்மனியின் ஆஸ்ட்ரிஸ். உச்சியில் உட்காரும் சோதனைச் செயற்கைக்கோள் இத்தாலியின் பொறுப்பு. ஒவ்வொரு நாடும் தன் பங்கைத் தன் மண்ணில், தன் நிறுவனங்களை வைத்து, தன் வழக்கப்படி செய்துகொண்டிருந்தது. ப்ளூ ஸ்ட்ரீக் நம்பகமாகவே பறந்தது. ஆனால் மூன்றையும் அடுக்கி ஏவியபோது ஒரு முறைகூட எதுவும் சுற்றுப்பாதைக்குப் போய்ச் சேரவில்லை. 1971 நவம்பரில் தென் அமெரிக்காவில் பிரெஞ்சு கயானாவின் கூருவிலிருந்து கிளம்பிய கடைசி யூரோப்பாவும் தோற்றுப்போனது.

இத்தனைக்கும் அந்த நாடுகளின் பொறியாளர்கள் யாரும் சோடை போனவர்கள் இல்லை. திட்டத்தை நடத்திய எல்டோ அமைப்பின் தலைமையகத்துக்கு ஒருங்கிணைக்கும் வேலை இருந்தது, உத்தரவு போடும் அதிகாரம் இல்லை. ஒப்பந்தமும் பணமும் அந்தந்த அரசுகளின் கையில். ஒரு அடுக்கு முடிந்து அடுத்தது தொடங்கும் அந்தச் சில அங்குல இடம் யாருடைய பொறுப்பு என்பதில்தான் இழுபறி.

விண்வெளி அறிவியல், பொறியியல், மேலாண்மை மூன்றையும் ஒரே முதுகலைப் படிப்பில் சொல்லித்தருகிறோம் என்று ஒரு பல்கலைக்கழகம் சொன்னால், முதலில் எழும் சந்தேகம் ‘இது நுனிப்புல் மேய்கிற படிப்போ?’ என்பதுதான். நியாயமான சந்தேகம். அதைப் பிறகு பார்க்கிறேன். ஆனால் இப்படி ஒரு படிப்பு ஏன் தோன்றியது என்று கேட்டால், யூரோப்பாவின் அந்தச் சில அங்குலங்கள்தான் பதில். விண்வெளித் திட்டங்கள் பல, ஒரு துறையின் நட்டநடுவில் தோற்பதில்லை. இரண்டு துறைகள் முட்டிக்கொள்ளும் ஓரத்தில், இருவரும் ‘அது அவருடைய வேலை’ என்று நினைத்துக்கொண்ட இடத்தில் தோற்கின்றன. அந்த ஓரங்களைப் பாடமாக்க முடியுமா என்பதுதான் இந்தப் படிப்புகளின் முயற்சி.

நெடுங்காலம் இப்படி ஒரு பாடமே கிடையாது. இயற்பியல் படித்தவர் கருவி செய்தார், இயந்திரவியல் படித்தவர் சட்டகம் செய்தார், மற்றதையெல்லாம் வேலையில் சேர்ந்து அடிபட்டுக் கற்றுக்கொண்டார்கள். 1987ஐ ஒரு திருப்பமாகச் சொல்லலாம். அந்த ஓர் ஆண்டிலேயே வடக்கு டகோட்டா பல்கலைக்கழகத்தில் விண்வெளி ஆய்வுகளுக்கென்று தனித் துறை வந்தது. ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜான் லாக்ஸ்டன் விண்வெளிக் கொள்கைக்கான கழகத்தைத் தொடங்கினார். பீட்டர் டயமண்டிஸ், டாட் ஹாலி, பாப் ரிச்சர்ட்ஸ் என்ற மூன்று இளைஞர்கள் சேர்ந்து சர்வதேச விண்வெளிப் பல்கலைக்கழகத்தை நிறுவினார்கள். முந்தைய ஆண்டு ஜனவரியில்தான் அமெரிக்காவின் சேலஞ்சர் விண்வெளி ஓடம் வெடித்திருந்தது. குளிரில் ராக்கெட் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் இறுகும் என்பது பொறியாளர்களுக்குத் தெரிந்திருந்தும் அந்த எச்சரிக்கை முடிவெடுக்கும் மேசையில் எடுபடாமல் போனதை விசாரணை வெளியே கொண்டுவந்திருந்தது. இந்தப் படிப்புகள் அதனால்தான் பிறந்தன என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பொறியியலும் மேலாண்மையும் தனித்தனி உலகங்கள் என்று அதற்குப் பிறகு யாராலும் சுலபமாகச் சொல்ல முடியவில்லை.

சர்வதேச விண்வெளிப் பல்கலைக்கழகத்தின் முதல் கோடைக்கால வகுப்பு 1988இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் நடந்தது. பனிப்போர் இன்னும் முடியவில்லை. பல நாடுகளிலிருந்து வந்த நூறு சொச்சம் பேர் ஒரே அறையில் உட்கார்ந்து நிலவுத் தளம் வடிவமைத்தார்கள். அதன் முதல் வேந்தர் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க். பிறகு அதற்கு பிரான்ஸின் ஸ்த்ராஸ்பூரில் நிரந்தர வளாகம் அமைந்தது, 1990களின் நடுவில் முதுகலைப் படிப்பும் தொடங்கியது. வானியல் படித்தவரும் வழக்கறிஞரும் மருத்துவரும் ஒரே வகுப்பில் இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை விதி. முதல் வாரத்தில் வழக்கறிஞருக்குச் சுற்றுப்பாதைக் கணக்கு புரியாது, பொறியாளருக்கு உடன்படிக்கை வாசகம் புரியாது. வேண்டுமென்றே செய்த ஏற்பாடு அது.

சரி, மூன்று துறைகளும் உண்மையில் எங்கே உரசிக்கொள்கின்றன? அறிவியலிலிருந்து தொடங்குவோம்.

விண்வெளித் திட்டத்தில் அறிவியலாளரின் வேலை கேள்வி கேட்பது. ஆனால் அந்தக் கேள்வி அடுத்தவர் மேசைக்குப் போகும்போது எண்ணாக மாறியிருக்க வேண்டும். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் தோன்றிய விண்மீன் மண்டலங்கள் எப்படி இருந்தன என்பது கேள்வி. பிரபஞ்சம் விரிவதால் அந்த ஒளி நீண்டு, நம்மிடம் வரும்போது அகச்சிவப்பாகிவிடுகிறது. அகச்சிவப்பைப் பார்க்கும் கருவி சூடாக இருந்தால் தன் சூட்டையே தான் பார்த்துக்கொண்டிருக்கும். ஆகவே குளிர வேண்டும். நடு அகச்சிவப்புக் கருவி 7 கெல்வினுக்கும் கீழே, அதாவது ஏறக்குறைய மைனஸ் 266 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். அப்படியானால் பூமியின் வெப்பத்திலிருந்து தள்ளிப் போக வேண்டும், 15 லட்சம் கிலோமீட்டர். அங்கே போனாலும் சூரியன் இருக்கிறதே? டென்னிஸ் மைதானம் அளவுக்கு ஐந்து அடுக்குத் திரை வேண்டும். அந்தத் திரை எந்த ராக்கெட்டுக்குள்ளும் விரித்தபடி நுழையாது. மடிக்க வேண்டும். மடித்தால் விரிக்க வேண்டும். விரியும்போது ஒரு பின் சிக்கினாலும் அவ்வளவுதான். அவ்வளவு தூரத்துக்கு ஆளை அனுப்பிப் பழுது பார்க்க வழியில்லை. பழுதானால் திட்டமே போய்விடும் என்கிற இடங்கள் மட்டும் 344 இருந்தன.

ஒரு வானியல் கேள்வி 344 தலைவலிகளாக மாறிய கதை இது. இந்தத் துறையில் இதை ‘தேவைகள் கீழே இறங்குவது’ என்பார்கள். மேலே ஒரு வரி. அதற்குக் கீழே பத்து, அதற்குக் கீழே நூறு. நல்ல முதுகலை வகுப்பில் மாணவர்களுக்குத் தரும் முதல் பயிற்சியே இந்த மரத்தை வரைவதாகத்தான் இருக்கும். மேலிருந்து கீழே வரைவது எளிது. கீழே ஒரு எண்ணைக் காட்டி, ‘இது ஏன் 7 கெல்வின், 10 இருந்தால் என்ன கெட்டுவிடும்?’ என்று கேட்டால்தான் மேலே ஏறத் தெரிந்தவர் யார் என்று தெரியும். பதில் சொல்லத் தெரியாத எண்கள்தான் பின்னால் கோடிக்கணக்கில் பணத்தைத் தின்கின்றன.

பொறியியல் பக்கம் வந்தால், எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே ஒரு சமன்பாடு கிடக்கிறது. ருஷ்யப் பள்ளி ஆசிரியர் கான்ஸ்டன்டீன் சியோல்கோவ்ஸ்கி 1903இல் வெளியிட்டது. ராக்கெட் எவ்வளவு வேகம் பெறும் என்பது, புகை வெளியேறும் வேகத்தையும், கிளம்பும்போது இருந்த எடைக்கும் எரிபொருள் தீர்ந்தபின் மிஞ்சும் எடைக்கும் உள்ள விகிதத்தின் மடக்கையையும் பொறுத்தது. கேட்கச் சாதுவாக இருக்கும். எண்களைப் போட்டுப் பாருங்கள். பூமிக்கு அருகே சுற்ற நொடிக்கு 7.8 கிலோமீட்டர் வேகம் வேண்டும். புவியீர்ப்பும் காற்றும் பிடுங்கிக்கொள்வதையும் சேர்த்தால் சுமார் 9.4. மண்ணெண்ணெயும் திரவ ஆக்சிஜனும் எரிக்கும் எஞ்சினின் புகை வேகம் நொடிக்கு ஏறக்குறைய 3.3 கிலோமீட்டர். கணக்குப் போட்டால், ஒரே அடுக்கில் போவதானால், மேலே போய்ச் சேரும் ஒவ்வொரு டன்னுக்கும் தரையில் 17 டன் நிற்க வேண்டும். அந்த ஒரு டன்னுக்குள்தான் தொட்டி, எஞ்சின், சட்டகம் எல்லாம். செயற்கைக்கோளுக்கு மிஞ்சுவது அநேகமாகப் பூஜ்யம். அதனால்தான் அடுக்கு அடுக்காகக் கழற்றிப் போட்டுவிட்டுப் போகிறார்கள்.

இந்தக் கணக்கை இளங்கலையிலேயே படித்துவிடலாம். முதுகலையில் கற்க வேண்டியது இதன் பின்விளைவு. எடை இவ்வளவு கொடூரமான விலையில் இருப்பதால், செயற்கைக்கோளின் ஒவ்வொரு பகுதிக்கும் கிராம் கணக்கில் பங்கு பிரிக்கிறார்கள். எடைக்கு ஒரு வரவு செலவு, மின்சாரத்துக்கு ஒன்று, தகவல் தொடர்புக்கு ஒன்று. புதிதாகச் செய்யப்போகும் கருவிக்கு 20 சதவீதம் கூடுதல் எடை ஒதுக்கி வைப்பது ஐரோப்பிய விண்வெளி முகமையின் ஆய்வுகளில் வழக்கம். ஏற்கெனவே பறந்த கருவியை அப்படியே எடுத்தால் 5 சதவீதம் போதும், கொஞ்சம் மாற்றினால் 10. இதெல்லாம் போக, மொத்தத்துக்கும் மேலே இன்னொரு 20. அனுபவம் எண்ணாக உறைந்தால் இப்படித்தான் இருக்கும். காகிதத்தில் இருக்கும் செயற்கைக்கோள் எப்போதும் ஒல்லிதான்.

ஒருவர் பங்கை மீறினால் என்ன ஆகும்? தகவல் தொடர்புக்காரர் ஆண்டெனாவைக் கொஞ்சம் பெரிதாக்குகிறார். எடை கூடுகிறது. ஆண்டெனாவின் நிழல் சூரியத் தகட்டின் மேல் விழுகிறது, மின்சாரம் குறைகிறது. ஈடுகட்டத் தகட்டை நீட்டினால் செயற்கைக்கோள் திரும்புவதற்குக் கூடுதல் விசை, அதற்குக் கூடுதல் எரிபொருள், மறுபடியும் எடை. முன்பெல்லாம் இந்தச் சங்கிலி கடிதத்திலும் கூட்டத்திலும் மாதக்கணக்கில் ஓடும். 1995இல் நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகம் டீம் எக்ஸ் என்ற குழுவை உருவாக்கியது. 1998இல் நெதர்லாந்தின் நோர்ட்வெய்க்கில் ஐரோப்பிய முகமை இதே போன்ற ஒரு கூடத்தைத் திறந்தது. எல்லாத் துறைக்காரர்களும் ஒரே அறையில், ஒவ்வொருவர் முன்பும் ஒரு திரை, எண்கள் எல்லாம் ஒன்றோடொன்று கோத்தபடி. ஒருவர் எண்ணை மாற்றினால் மற்றவர் திரையில் உடனே தெரியும்.

இப்போது பல பல்கலைக்கழகங்கள் இந்த அறையின் சிறு நகலை வைத்திருக்கின்றன. ஒரு மாணவருக்கு வெப்பக் கட்டுப்பாடு, இன்னொருவருக்கு மின்சாரம், ஒருவருக்குச் செலவு. என்னைக் கேட்டால் மொத்தப் படிப்பிலும் இதுதான் சாரம். எண்களைவிட, எப்போது விட்டுக்கொடுப்பது, எப்போது பிடிவாதமாக நிற்பது என்பதை அந்த நாற்காலிதான் கற்றுத்தரும். செலவு நாற்காலியில் உட்கார்ந்தவரை முதல் நாளில் யாரும் பொருட்படுத்தமாட்டார்கள். மூன்றாம் நாள் எல்லோரும் அவரைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஓரங்களில் தோற்பதற்கு இன்னொரு சாட்சி 1996 ஜூன் 4. ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட்டின் முதல் பயணம். கிளம்பி நாற்பது நொடிகூட ஆகவில்லை, ராக்கெட் திசை திரும்பிச் சிதறியது. திசையறியும் கருவியின் மென்பொருள் ஏரியான் 4இலிருந்து அப்படியே எடுத்தது. பக்கவாட்டு வேகத்தைக் குறிக்கும் ஒரு 64 பிட் எண்ணை 16 பிட்டுக்குள் அடைக்க முயன்று அது நின்றுபோனது. ஏரியான் 4இன் பாதையில் அந்த எண் அவ்வளவு பெரிதாகவே ஆகாது. புது ராக்கெட் தொடக்கத்திலேயே வேகமாகப் பக்கவாட்டில் சாயும். மாற்றாக இருந்த இரண்டாவது கருவியிலும் அதே மென்பொருள், அதனால் அதுவும் அதே காரணத்துக்காக நின்றது. இன்னும் வயிற்றெரிச்சல் என்னவென்றால், கோளாறு கொடுத்த அந்தக் கணக்கு ராக்கெட் கிளம்பிய பிறகு தேவையே இல்லாத ஒன்று.

வழக்கமாக இதை ‘மென்பொருள் பிழை’ என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். விசாரணைக் குழுவின் கண்டுபிடிப்பு அதைவிடக் கூர்மையானது. அந்தக் கருவிக்கான தேவை விவரத்தில் ஏரியான் 5இன் பயணப்பாதையே சேர்க்கப்படவில்லை. பாதையை வகுத்தவர்களிடம் எண் இருந்தது. கருவி செய்தவர்களிடம் வேலை செய்து நிரூபித்த மென்பொருள் இருந்தது. இரண்டையும் ஒன்றாக வைத்துச் சோதிக்கவில்லை. உள்ளே இருந்த நான்கு க்ளஸ்டர் செயற்கைக்கோள்கள், ஆண்டுக்கணக்கான அறிவியல் உழைப்பு, பிரெஞ்சு கயானாவின் சதுப்பு நிலத்தில் விழுந்தன. அவற்றுக்குப் பதிலாகச் செய்தவை 2000இல்தான் பறந்தன.

மேலாண்மை என்ற சொல்லைக் கேட்டதும் அறிவியல் மாணவர்கள் முகம் சுளிப்பதைப் பார்த்திருக்கலாம். அட்டவணை, கூட்டம், படிவம். அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு, ஒளிப்பானேன். ஆனால் விண்வெளியில் மேலாண்மை என்பது பெரும்பாலும் ஒரே கேள்வியைச் சுற்றி வருகிறது: நமக்கு எவ்வளவு தெரியும், எவ்வளவு தெரியாது? நாசா பயன்படுத்தும் தொழில்நுட்பத் தயார்நிலை அளவுகோலில் 1 முதல் 9 வரை படிகள். 1 என்றால் அடிப்படைக் கொள்கை மட்டும் தெரியும். 6 என்றால் மாதிரி ஒன்று விண்வெளிக்கு ஒத்த சூழலில் ஓடிவிட்டது. 9 என்றால் உண்மையான பயணத்தில் நிரூபித்தாயிற்று. முதற்கட்ட வடிவமைப்பு மதிப்பாய்வுக்கு முன் முக்கியத் தொழில்நுட்பங்கள் 6ஐத் தொட்டிருக்க வேண்டும் என்பது நல்ல நடைமுறை. தொடாமலே ‘வழியில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று கிளம்பிய திட்டங்கள் வழியிலேயே பல ஆண்டுகள் நின்றன.

மறுபடியும் வெப். 2010இல் அமெரிக்க செனட்டர் ஒருவரின் கோரிக்கைப்படி அமைந்த சுதந்திரக் குழு, ஜான் கசானி தலைமையில், அந்தத் திட்டத்தை ஆராய்ந்தது. செலவும் காலமும் எகிறியதற்குக் காரணம் தொழில்நுட்பம் இல்லை, நிதி ஒதுக்கீடும் திட்ட மேலாண்மையும்தான் என்று எழுதிக் கொடுத்தது. தொடக்கத்தில் போட்ட செலவுக் கணக்கில் எதிர்பாராத சிக்கலுக்கென்று போதுமான பணமே ஒதுக்கவில்லை. ஒரு வேலையை இந்த ஆண்டு தள்ளிப்போட்டால் பிற்பாடு அது பல மடங்காகத் திரும்பி வரும். அறிக்கை வந்த அடுத்த ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவைக் குழு திட்டத்தையே கைவிடப் பரிந்துரைத்தது. தப்பிப் பிழைத்து, சுமார் 1,000 கோடி டாலரில் முடிந்தது.

வணிகப் பாடத்துக்கு இரிடியம் என்ற செயற்கைக்கோள் தொலைபேசித் திட்டத்தைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கடினம். 1987இல் மோட்டோரோலா பொறியாளர்களின் யோசனை: பூமியின் எந்த மூலையிலிருந்தும் கைப்பேசியில் பேசலாம். 66 செயற்கைக்கோள்கள், ஒன்றோடொன்று நேரடியாகப் பேசிக்கொள்பவை. பொறியியலாகப் பார்த்தால் அற்புதம். சுமார் 500 கோடி டாலர் செலவில் 1998 நவம்பரில் சேவை தொடங்கியது. 1999 ஆகஸ்டில் திவால். யோசனைக்கும் சேவைக்கும் இடைப்பட்ட பதினோரு ஆண்டுகளில் சாதாரணக் கைப்பேசிக் கோபுரங்கள் உலகெங்கும் முளைத்துவிட்டன. இரிடியம் கருவியோ செங்கல் மாதிரி, விலையும் மிக அதிகம், கட்டடத்துக்குள் நின்றால் சரியாகக் கேட்காது. பிறகு மொத்த அமைப்பையும் 2.5 கோடி டாலருக்கு வாங்கியவர்கள், கப்பல், ராணுவம், பேரிடர் மீட்பு என்று உண்மையான தேவை இருக்கும் இடங்களைப் பிடித்துக்கொண்டார்கள். இன்றும் ஓடுகிறது. 2017க்கும் 2019க்கும் இடையில் புதுத் தலைமுறைச் செயற்கைக்கோள்களும் ஏறிவிட்டன. செயற்கைக்கோளில் ஒரு குறையும் இல்லை, வாடிக்கையாளர் யார் என்பதில்தான் தப்பு.

சட்டம் இன்னொரு ஓரம். 1967இன் விண்வெளி உடன்படிக்கை, தனியார் நிறுவனம் செய்தாலும் பொறுப்பு அதன் நாட்டுக்கே என்று ஆறாவது பிரிவில் சொல்கிறது. அனுமதி தருவதும் தொடர்ந்து கண்காணிப்பதும் அந்த அரசின் கடமை. 1972இன் பொறுப்பு உடன்படிக்கைப்படி, தரையில் விழுந்து சேதம் செய்தால் தப்பு யாருடையது என்ற கேள்வியே இல்லை, ஏவிய நாடு கட்ட வேண்டும். 1978இல் சோவியத்தின் காஸ்மாஸ் 954 தன் அணு உலையோடு கனடாவின் வடக்கே விழுந்தது. கனடா 60 லட்சம் கனடிய டாலர் கேட்டது, 1981இல் சோவியத் 30 லட்சம் கொடுத்தது. விண்வெளிக்குள்ளேயே மோதிக்கொண்டால் கதை வேறு. அங்கே தப்பை நிரூபிக்க வேண்டும். 2009 பிப்ரவரியில் செயலிழந்த காஸ்மாஸ் 2251உம் வேலை செய்துகொண்டிருந்த இரிடியம் 33உம் 800 கிலோமீட்டருக்குச் சற்றுக் கீழே மோதின. யார் வழிவிட்டிருக்க வேண்டும்? அதற்குச் சாலை விதி எதுவும் இல்லை.

இதெல்லாம் வழக்கறிஞர்களுக்கு, பொறியாளருக்கு எதற்கு என்று நினைப்பவர்கள் ஸ்வார்ம் கதையைக் கேட்க வேண்டும். அமெரிக்காவில் ஒரு சிறு நிறுவனம். 10 சென்டிமீட்டர் பக்கமும் 3 சென்டிமீட்டருக்கும் குறைவான தடிமனும் கொண்ட குட்டிச் செயற்கைக்கோள்கள் செய்தார்கள். எவ்வளவு சிறிதோ அவ்வளவு மலிவு, பொறியாளருக்கு அது வெற்றி. ஆனால் இவ்வளவு சிறிதானால் தரையிலிருந்து கண்காணிக்க முடியுமா என்று சந்தேகப்பட்டு, அந்த நாட்டின் தகவல் தொடர்பு ஆணையம் 2017 டிசம்பரில் அனுமதி மறுத்தது. 2018 ஜனவரியில் நான்கும் ஏறிவிட்டன. விளைவு, 9 லட்சம் டாலர் அபராதம். 2022இல் அதே ஆணையம், தாழ்வான சுற்றுப்பாதையில் வேலை முடிந்த செயற்கைக்கோளை 25 ஆண்டுகளுக்குப் பதில் 5 ஆண்டுகளுக்குள் இறக்கிவிட வேண்டும் என்று விதியை இறுக்கியது. ஒரு சட்ட வரி. ஆனால் அது நேராக எரிபொருள் தொட்டியின் அளவில் போய் உட்கார்கிறது.

இப்போது நுனிப்புல் விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பல்துறைப் படிப்பை முதல் பட்டத்தின் இடத்தில் வைத்தால் அது நுனிப்புல்தான், சந்தேகமே வேண்டாம். ஏற்கெனவே ஏதோ ஒன்றில் ஆழம் இருப்பவருக்கு அது வேறு பொருள். மின்னணுவியலில் மூன்றாண்டு கை அழுக்கானவர் வந்து உட்கார்ந்தால், சட்டமும் செலவுக் கணக்கும் அவருக்குத் தன் வேலையின் விடுபட்ட பகுதிகளாகத் தெரியும். எதிலும் ஆழம் இல்லாதவருக்கு அவை வெறும் தகவல். அதனால் நேராகக் கல்லூரியிலிருந்து வருகிறவர், கருவி செய்வதுதான் ஆசை என்றால், நெதர்லாந்தின் டெல்ஃப்ட், பிரான்ஸில் தூலூஸின் ஐசே-சூப்பயேரோ, பிரிட்டனின் க்ரான்ஃபீல்ட் போன்ற இடங்களின் விண்வெளிப் பொறியியலை முதலில் பார்ப்பது நல்லது என்பது என் கருத்து. திருவனந்தபுரத்தில் 2007இல் தொடங்கிய இந்திய விண்வெளி அறிவியல் தொழில்நுட்பக் கழகமும் அந்த வகைதான். சட்டத்துக்குக் கனடாவின் மெக்கில், நெதர்லாந்தின் லெய்டன் இரண்டும் பழைய பெயர்கள். கொலராடோ சுரங்கப் பள்ளி என்ற அமெரிக்கப் பல்கலைக்கழகம் 2018இல் விண்வெளி வளங்களுக்கென்றே முதுகலைப் படிப்பு தொடங்கியது. நிலவில் தண்ணீர் எடுப்பது சுரங்கக்காரர் வேலையும்தானே.

பாடத்திட்டத்தின் பெயரைவிட, அங்கே மாணவர்கள் கையில் உண்மையான பொருள் எதுவும் வருகிறதா என்று பாருங்கள். 1999இல் ஸ்டான்ஃபோர்டின் பாப் ட்விக்ஸும் கலிபோர்னியா பாலிடெக்னிக்கின் ஜோர்டி புய்க்-சுவாரியும் 10 சென்டிமீட்டர் கனசதுரம் என்ற அளவை வகுத்தது மாணவர்களுக்காகத்தான். படித்து முடிப்பதற்குள் ஒரு செயற்கைக்கோளைச் செய்து பார்க்க வேண்டும் என்பது நோக்கம். 2003 ஜூனில் அவற்றின் முதல் தொகுதி பறந்தது. ஜெர்மனியும் ஸ்வீடனும் சேர்ந்து நடத்தும் ரெக்ஸஸ், பெக்ஸஸ் திட்டங்களில் மாணவர்களின் சோதனைகள் ஸ்வீடனின் கிருணா அருகேயுள்ள எஸ்ரேஞ்ச் ஏவுதளத்திலிருந்து ராக்கெட்டிலும் பலூனிலும் ஏறுகின்றன. கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஆய்வகத்தில் கெப்லர் விண்கலத்தின் கட்டுப்பாட்டு அறையில் மாணவர்களே வேலை செய்தார்கள். 2018 நவம்பரில் அதற்கு விடைகொடுக்கும் கட்டளை போனதும் அங்கிருந்துதான். இப்படி எதுவும் இல்லாமல் விரிவுரை மட்டும் என்றால், ஒருமுறைக்கு இருமுறை யோசிக்கலாம்.

சேர்வதற்கு முன் பலர் கேட்க மறக்கும் இன்னொரு விஷயம் குடியுரிமை. விண்வெளித் தொழில்நுட்பம் ஏவுகணைத் தொழில்நுட்பத்தின் ஒட்டிப்பிறந்த சகோதரம். அமெரிக்காவில் ஆயுத ஏற்றுமதி விதிகள், ஒரு தொழில்நுட்ப வரைபடத்தை வெளிநாட்டவருக்குக் காட்டுவதையே ஏற்றுமதியாகக் கருதுகின்றன, அவர் அதே கட்டடத்தில் உட்கார்ந்திருந்தாலும். 1999 முதல் செயற்கைக்கோள்கள் மொத்தமும் அந்தப் பட்டியலில் இருந்தன. 2014இல்தான் பல வகைகள் சற்றுத் தளர்ந்த பட்டியலுக்கு மாறின. நாசாவின் நேரடி வேலைகள் பொதுவாக அந்நாட்டுக் குடிமக்களுக்கு. ஐரோப்பிய முகமை தன் உறுப்பு நாட்டவரையே பெரும்பாலும் எடுக்கிறது. உறுப்பு நாடு கட்டும் பணத்துக்கு ஏற்ப ஒப்பந்தங்களும் அந்நாட்டு நிறுவனங்களுக்குப் போக வேண்டும் என்ற விதியும் அங்கே உண்டு. பட்டம் வாங்கிய நாட்டிலேயே வேலை கிடைக்கும் என்று கணக்குப் போட்டுக் கடன் வாங்குகிறவர்கள் இதைச் சேர்க்கை அலுவலகத்திடம் நேராகக் கேட்டுவிட வேண்டும். மழுப்பலான பதில் வந்தால் அதுவும் ஒரு பதில்தான்.

யூரோப்பா தோற்றபின் ஐரோப்பா மறுபடி ராக்கெட் செய்தது. இந்த முறை பிரான்ஸின் விண்வெளி முகமை பெரும்பங்கு செலவை ஏற்று, மொத்தத்துக்கும் தானே பொறுப்பு என்று எழுதிக் கொடுத்தது. ஏரியான் 1979 டிசம்பர் 24 அன்று, யூரோப்பா தோற்ற அதே கூருவிலிருந்து, முதல் பயணத்திலேயே வென்றது. நாற்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 2021 கிறிஸ்துமஸ் அன்று, ஏரியான் 5 அங்கிருந்தே வெப்பை ஏற்றிக்கொண்டு போனது. அந்தப் பயணத்துக்காக ராக்கெட்டின் மூக்குக் கூட்டில் காற்று வெளியேறும் துளைகளை மாற்றியமைத்திருந்தார்கள். மடித்து வைத்த சூரியத் திரையின் மடிப்புகளுக்குள் சிக்கிய காற்று, கூடு பிரியும் நொடியில் சட்டென்று விரிந்தால் திரை கிழியலாம். திரை அமெரிக்கர்களுடையது, கூடு ஐரோப்பியர்களுடையது. நடுவிலிருந்த காற்றைப் பற்றி யாரோ ஒருவர் முன்கூட்டியே கேட்டிருந்தார்.